எந்தப் பதிப்பில் மவுண்ட் ஆகிறது?

கேள்வி: லினக்ஸைப் புதுப்பித்த மறுநாளே எங்கள் பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் சேமிப்புப் பெட்டி) மவுண்ட் ஆகவில்லை, அதாவது கணினியில் ஓர் அடைவாக இணையவில்லை. 'ஹோஸ்ட் இஸ் டவுன்' என்று பிழை வருகிறது. பிங் செய்தால் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. எதை நம்புவது?

பிங்கை நம்புங்கள். பெட்டி உயிரோடுதான் இருக்கிறது; எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பைத் தவிர வேறெதுவும் அதற்குப் பேசத் தெரியவில்லை. லினக்ஸின் மையமான கெர்னலில் 4.13க்கு முன்புவரை, எஸ்எம்பி பகிர்வுகளை இணைக்கும் சிஃப்ஸ் மவுண்டின் இயல்பிருப்புப் பதிப்பு 1.0. 2017 மே மாதம் விண்டோஸின் எஸ்எம்பி முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாக, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியது. அதே ஆண்டு வெளியான கெர்னல் 4.13, இயல்பிருப்பை 3.0 ஆக்கியது. அது சற்று அவசர வைத்தியம். 4.13.5 முதல் இரு தரப்பும் பேசி, 2.1க்குக் குறையாமல் முடிந்தவரை உயர்ந்த பதிப்பைத் தேர்ந்துகொள்கின்றன. உங்கள் பெட்டியால் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே முடியவில்லை.

முதலில் பெட்டியின் அமைப்புகளில் எஸ்எம்பி 2 அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். இரண்டும் பலிக்காவிட்டால் மவுண்ட் கட்டளையில் 'வெர்ஸ்=1.0' என்று கொடுத்து, கோப்புகளை நகலெடுக்கும்வரை மட்டும் திறந்து வையுங்கள். பழைய பதிப்பை விலக்கியே கட்டப்பட்ட கெர்னலில் இதுவும் உதவாது.

கேள்வி: என்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்புப் பகிர்வு நெறிமுறையில் உள்ள இருபது மவுண்டுகளுக்கும் ஒரே இடத்தில் பதிப்பைச் சொல்ல முடியுமா?

முடியும். இடிசி அடைவிலுள்ள 'என்எஃப்எஸ்மவுண்ட்.கான்ஃப்' கோப்பு அதற்குத்தான். ஆனால் அதில் இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'டிஃபால்ட்வெர்ஸ்' என்பது பேரம் தொடங்கும் விலை. சர்வர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கீழே இறங்கும். 'என்எஃப்எஸ்வெர்ஸ்' ஒரே விலைக் கடை. கிடைக்காவிட்டால் மவுண்ட் தோற்றுவிடும். எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். சத்தமில்லாமல் பழைய பதிப்புக்கு இறங்குவதைவிடச் சத்தமாகத் தோற்பது மேல். ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும் தனிப் பிரிவும் எழுதலாம். மவுண்ட் கட்டளையிலேயே பதிப்பைக் கொடுத்தால் கோப்பில் உள்ளது செல்லாது.

கேள்வி: கோப்பைத் திருத்தி ரீமவுண்ட் செய்தேன். பதிப்பு மாறவில்லையே?

ரீமவுண்டில் மாறாது. கழற்றிவிட்டு மறுபடி மவுண்ட் செய்யுங்கள். பிறகு 'என்எஃப்எஸ்ஸ்டாட் -எம்' கொடுத்தால் உண்மையில் எந்தப் பதிப்பு அமைந்தது என்று தெரியும்.

கேள்வி: என்எஃப்எஸ் 3இலிருந்து 4க்கு மாறியதும் கோப்புகளின் உரிமையாளர் எல்லாம் 'நோபடி' ஆகிவிட்டார். 3க்கே திரும்பிவிடலாமா?

வேண்டாம். 3 பயனரை எண்ணால் அடையாளம் காட்டும். 4 'பெயர்@டொமைன்' என்றும் எழுதி அனுப்பும். இரு முனைகளிலும் டொமைன் ஒத்துப்போகாவிட்டால் ஆள் அநாமதேயமாகிவிடுவார். 'ஐடிமேப்டி.கான்ஃப்' கோப்பில் இரு பக்கமும் ஒரே டொமைனை எழுதி, 'என்எஃப்எஸ்ஐடிமேப் -சி' கொடுத்துத் தேக்கி வைத்த பழைய விவரங்களை அழியுங்கள். 3க்குப் போனால் ஃபயர்வாலில் 2049ஆம் போர்ட் மட்டும் போதாது. 111ஐயும், மவுண்ட் கோரிக்கைகளை ஏற்கும் மவுண்ட்டி சேவையின் போர்ட்டையும் திறக்க வேண்டியிருக்கும்.