110 கிலோ விமானிக்கு சீட்டைப் பின்னால் தள்ளலாமா?

கேள்வி: சேலத்தில் ஒற்றை இருக்கை விமானம் ஒன்றை வரைபடம் வாங்கிக் கட்டி வருகிறேன். இறக்கை முடிந்தது, உடற்கூடு இனிமேல்தான். வரைபடம் 77 கிலோ விமானிக்கும் 60 குதிரைத்திறன் எஞ்சினுக்கும் போட்டது. நான் 110 கிலோ, ஆறடிக்கு மேல் உயரம். சீட்டை 5 செ.மீ. பின்னால் தள்ளி, தரகர் மூலம் 80 குதிரைத்திறன் பழைய ரோட்டாக்ஸ் எஞ்சின் வாங்கிப் போட்டால் போதுமா? எடை அளவுகளை இணைத்துள்ளேன்.

பதில்: சீட்டைத் தள்ளாதீர்கள். எஞ்சின் பேரத்தையும் நிறுத்தி வையுங்கள். முதலில் எடைக் கணக்கு.

இறக்கையின் முன்விளிம்பு பூஜ்யம். உங்கள் அளவுப்படி காலி விமானம் 200 கிலோ, 15 செ.மீ. பின்னால். சீட் 75 செ.மீ. பின்னால். டேங்க் நிறைய பெட்ரோல் 20 கிலோ, 20 செ.மீ. முன்னால். ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தால் பெருக்குங்கள் (முன்னால் இருப்பதைக் கழிக்க வேண்டும்), மொத்த எடையால் வகுங்கள். வருவதுதான் சி.ஜி. எனப்படும் எடை மையம். அதன் பின் எல்லை 36 செ.மீ.

டேங்க் நிறைந்திருந்தால் உங்களுக்கு 32.9 வரும். நிம்மதியாக இருக்கும். பெட்ரோல் தீர்ந்தபின் 36.3. கிளம்பும்போது ஒழுங்காகப் பறந்த விமானம் இறங்கும் நேரத்தில் எல்லை தாண்டுகிறது. சீட்டையும் தள்ளினால் 38.1. அந்த நிலையில் ஸ்டால் ஆனால் (இறக்கை தூக்குவிசையை இழந்தால்) மூக்கு இறங்காது. சுழலத் தொடங்கினால் மீட்க முடியாமல் போகலாம்.

"ஆள் கனமா, பெட்ரோலைக் குறை" என்று பலர் சொல்வார்கள். டேங்க் இறக்கைக்குள், எடை மையத்துக்கு நேராக இருக்கும் விமானத்துக்கு மட்டும் அது பொருந்தும். அங்கே பெட்ரோல் குறைந்தாலும் மையம் நகராது, மொத்த எடை மட்டும் இறங்கும். உங்கள் டேங்க் மூக்குப் பக்கம். பெட்ரோலைக் குறைத்தால் மையம் இன்னும் பின்னால்தான் போகும். இறக்கை டேங்க் வைத்துவிட்டு மூக்கிலும் ஒரு சின்ன டேங்க் வைப்பவர்கள் உண்டு. அவர்களும் இரண்டும் காலியான நிலையில் கணக்குப் போட வேண்டும்.

இடம் வேண்டுமானால் பெடலை முன்னால் நகர்த்துங்கள், மெத்தையை மெலிதாக்குங்கள், கேனப்பியை (தலைக்கு மேல் உள்ள கண்ணாடி மூடியை) உயர்த்துங்கள். தகடு மூடுமுன் உட்கார்ந்து, ஸ்டிக் (விமானத்தை இயக்கும் கைப்பிடி) நான்கு பக்கமும் முழுதாகப் போகிறதா, வயிற்றிலோ தொடையிலோ முட்டுகிறதா பாருங்கள். பெல்ட் கொக்கி 9 ஜி, அதாவது உடல் எடையைப் போல் ஒன்பது மடங்கு, தாங்க வேண்டுமென்றால் உங்களுக்கு அது 990 கிலோ.

பெரிய எஞ்சின் உதவும். பழையதைவிட 10 கிலோ கூடுதலாக, 80 செ.மீ. முன்னால் அமர்ந்தால் காலி டேங்கிலும் மையம் 32.7. ஆனால் டேங்க் நிறைந்தால் மொத்தம் 340 கிலோ, வரைபட உச்சவரம்பே அதுதான். ஒரு பை வைக்கவும் இடமில்லை. இருந்தாலும் 80 குதிரைத்திறன் தேவைதான்: விமான நிலையமே சுமார் 1,000 அடி உயரத்தில், 40 டிகிரி வெயிலில் காற்று 4,000 அடிக்கு மேலே இருப்பதுபோல் மெலிந்துவிடும். 60 என்பது 52 ஆகும். எதிரே சேர்வராயன் மலை.

எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் 4130 குரோமாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த உருக்கு) குழாயில்தான். கேட் செய்யும் பைப்பையோ, உருக்காலை ஊர்தானே என்று ஸ்டெயின்லெஸையோ எந்தப் பட்டறை சொன்னாலும் கேட்காதீர்கள். பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ரோட்டாக்ஸ் 912 அனுமதிப்பது 10 வரை. விமானப் பெட்ரோலான அவ்காஸ் போட்டால் எஞ்சின் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

தரகர் விஷயம். லாக்புக் இல்லாத எஞ்சின், "உள்ளே எல்லாம் புதுசு" என்று சொல்லி பில் காட்டாத எஞ்சின், எண் தகடு கழன்ற எஞ்சின், எதையும் தொடாதீர்கள். "டி.ஜி.சி.ஏ. கோப்பை நான் நகர்த்தித் தருகிறேன்" (விமானங்களுக்கு அனுமதி தரும் மத்திய அரசு அமைப்பு அது) என்பவருக்கு ஒரு ரூபாய் தராதீர்கள். மும்பை விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய விமானத்துக்கு 2011-ல் விண்ணப்பித்தார்; பதிவு எண் கிடைத்தது 2017-ல். தொழில்முறை விமானிக்கே ஆறு ஆண்டு! இது வெட்கக்கேடு, ஆனால் தரகர் அதைச் சுருக்கிவிடப் போவதில்லை. உடற்கூட்டை மூடுமுன் என்னென்ன பார்க்க வருவீர்கள் என்று டி.ஜி.சி.ஏ.விடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். மேலே உள்ள எடைத்தாளையும் அதோடு இணையுங்கள்.