டேப்பா, கழட்டி வைக்கிற டிஸ்க்கா?

வணக்கம் சார்,

சிவகாசியில ஆஃப்செட் பிரஸ் வெச்சிருக்கோம், அப்பா ஆரம்பிச்சது, இப்ப பிரைவேட் லிமிடெட். காலண்டர், டைரி, லேபிள் வேலை. டிசைன் ஃபைல், டேலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்) எல்லாம் சேர்த்து மூணு டிபி கிட்ட இருக்கு. பேக்கப்னு பாத்தா சர்வர்லயே சொருகி இருக்கற ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் மட்டும்தான். எங்களுக்கு கம்ப்யூட்டர் சப்ளை பண்றவர் எல்டிஓ-8னு ஒரு டேப் டிரைவுக்கு, கேசட் மாதிரி காந்த ரிப்பன்ல டேட்டா பதியறது, கொட்டேஷன் குடுத்திருக்கார். 30 டிபி பிடிக்கும், 30 வருஷம் தாங்கும், கம்பெனி கணக்கை 8 வருஷம் வெச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு, அதுக்கு டேப்தான்னு சொல்றார். மச்சான் அதெல்லாம் வேண்டாம், ஆர்டிஎக்ஸ்னு கழட்டி மாட்டற டிஸ்க் இருக்கு, அது போதும்ங்கறான். எதை வாங்கறது? பேர் போட வேண்டாம் சார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்க மச்சான் சொல்றதுதான் சரி. டேப் மட்டமான சாமான்னு சொல்ல வரல, உங்க பிரஸ்ஸுக்கு அது தோதுப்படாது, அவ்வளவுதான்.

முதல்ல அந்த 30 டிபி. எல்டிஓ-8 கேட்ரிட்ஜ், அதாவது டேப் இருக்கற டப்பா, ஒண்ணுல நிஜமா பிடிக்கிறது 12 டிபி. டேட்டாவை இரண்டரை மடங்கு சுருக்கலாம்னு வெச்சுக்கிட்டு போட்ட கணக்குதான் டப்பா மேல இருக்கற 30. உங்ககிட்ட இருக்கறதுல முக்கால்வாசி ஜேபெக்கும் பிடிஎஃப்பும், ஏற்கெனவே சுருக்கி வெச்ச ஃபைல், அதுல இனி சுருங்க என்ன இருக்கு.

அப்புறம் 8 வருஷ விஷயம். சட்டம் உண்மைதான், 2013 கம்பெனி சட்டத்துல 128ஆவது பிரிவு, அதோட ஜிஎஸ்டிக்கு 72 மாசம்னு தனியா ஒண்ணு இருக்கு. ஆனா அந்த சட்டம் கேக்கறது உங்க கணக்கு புக்கை, முருகன் படம் போட்ட காலண்டர் டிசைனை இல்ல. உங்க டேலி டேட்டா மொத்தமும் எவ்வளவு இருக்கும், சில ஜிபி. சில ஜிபியை பாதுகாக்க லட்சக்கணக்குல டிரைவ் வாங்கணும்னு சொல்றவர் ரெண்டு வேற வேற விஷயத்தை ஒரே மூட்டையா கட்டி விக்கிறார். இன்னொண்ணு, 2022 ஆகஸ்ட்ல விதியை திருத்திட்டாங்க, கணக்கை கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கற கம்பெனி இந்தியாவுக்குள்ள இருக்கற சர்வர்ல தினமும் பேக்கப் எடுக்கணும். முன்னாடி அப்பப்ப எடுத்தா போதும்னு இருந்துச்சு. பீரோக்குள்ள கிடக்கற டேப்பாலயும் அது தீராது, டிஸ்க்காலயும் தீராது, ஆடிட்டர்கிட்ட பேசி டேலிக்கு மட்டும் தனி ஏற்பாடு பண்ணிக்கங்க. அப்படியே, டேலி ஓடிக்கிட்டு இருக்கும்போது அந்த டேட்டா ஃபோல்டரை காப்பி பண்ணி வெச்சா அதை நம்ப முடியாது, டேலிக்குள்ளயே இருக்கற பேக்கப் ஆப்ஷன்ல எடுங்க.

இப்ப டிசைன் ஃபைல். எனக்கு இதுதான் முக்கியமா படுது. ஆடிப்பெருக்கு அன்னைக்கு காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டதும் ஆர்டர் வர ஆரம்பிக்கும், ஒரு கடைக்காரர் போன் போட்டு போன வருஷம் அடிச்ச அதே டிசைன்தான், போன் நம்பர் மட்டும் மாறிருச்சுன்னு சொல்வார், உங்களுக்கு பேக்கப்ல இருந்து எடுக்க வேண்டி வர்றது பெரும்பாலும் இந்த மாதிரி ஒத்த ஃபைல்தான். எல்டிஓ-8 டேப் 960 மீட்டர் நீளம், எங்கயோ நடுவுல இருக்கற ஃபைலுக்கு சுத்திக்கிட்டுப் போயி நிக்கணும், அது கூட பரவாயில்ல, டேப்போட பேக்கப் சாஃப்ட்வேரை திறந்து எந்த கேட்ரிட்ஜ்ல இருக்குன்னு பாத்து எடுக்க தெரிஞ்ச ஆள் உங்க பிரஸ்ல யாரு? டிசைனர் பையன் டிஸ்க்குன்னா சொருகி தேடி எடுத்துருவான். ஐடிக்குன்னு ஆள் இல்லாத இடத்துல டேப் வாங்கினா ஆறு மாசத்துல அது துணி போட்டு மூடின சாமான் ஆயிரும்.

துணின்னதும் ஞாபகம் வருது, தூசி. மெஷின்ல ஷீட் ஒட்டாம இருக்க ஸ்ப்ரே பவுடர் அடிக்கிறீங்க, பேப்பர் தூசி வேற. டேப் டிரைவ்ல ரிப்பன் ஹெட்டை உரசிக்கிட்டு ஓடுது, அதுக்கு இது ஆகவே ஆகாது. ஆர்டிஎக்ஸ் கேட்ரிட்ஜ்க்குள்ள இருக்கறது சாதாரண இரண்டரை இன்ச் ஹார்ட் டிஸ்க், மூடின டப்பா.

30 வருஷம் தாங்கும்ங்கறதையும் பாத்துருவோம். டேப் தாங்கலாம், அதை படிக்கிற டிரைவ்? எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7 டேப்பை படிக்கும், எல்டிஓ-6ஐ படிக்காது, அதுக்கு முந்தின டிரைவெல்லாம் ரெண்டு தலைமுறை பின்னாடி வரை படிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஹார்ட் டிஸ்க்கும் ஒண்ணும் சாசுவதம் இல்லதான், நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுசுக்கு மாத்தி காப்பி பண்ணிரணும், மூணு டிபிக்கு அது ஒரு ராத்திரி வேலை.

டேப்புக்கு நியாயமா சேர வேண்டியதையும் சொல்லிடறேன். 2011 பிப்ரவரியில ஜிமெயில்ல ஒரு சாஃப்ட்வேர் பக் கொஞ்சம் பேரோட மெயிலை அழிச்சிருச்சு, பல இடத்துல காப்பி வெச்சிருந்தும் அதுலயும் சேர்ந்து போயிருச்சு, கடைசியில கூகுள் டேப்ல இருந்துதான் மீட்டாங்க, ஏன்னா டேப் எதோடயும் கனெக்ட் ஆகாம தனியா கிடந்துச்சு. தனியா கிடக்கறதுதான் டேப்போட பெரிய பலம், அதை டிஸ்க்கை கழட்டி வெச்சும் வாங்கிரலாம். ஐம்பது அறுபது டிபி, பத்து வருஷம் தொடாம வைக்கணும், பாத்துக்க ஆள் இருக்குன்னா நானே டேப் வாங்குங்கன்னு சொல்வேன், டிரைவ் விலையை விட்டுட்டுப் பாத்தா ஒரு டிபிக்கு ஆகற செலவு டேப்புலதான் கம்மி.

அதனால இப்ப நிஜமான ஆபத்து எதுன்னா சர்வர்லயே சொருகி இருக்கற அந்த டிஸ்க். ரான்சம்வேர், அதாவது ஃபைலை பூட்டிட்டு பணம் கேக்கற வைரஸ், வந்தா சர்வரோட சேத்து அதையும் பூட்டிட்டுப் போயிரும், 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ்ல சர்வரெல்லாம் முடங்கி நோயாளிகளுக்கு கையால சீட்டு எழுதிக்கிட்டு இருந்தாங்க. மூணு ஆர்டிஎக்ஸ் கேட்ரிட்ஜ் வாங்குங்க, ஒவ்வொண்ணும் 5 டிபி. ஒண்ணு ராத்திரி பேக்கப்புக்கு மாட்டினது, ஒண்ணு ஆபீஸ் பீரோவுல, ஒண்ணு உங்க வீட்ல, பேப்பர் குடோன் இருக்கற கட்டடத்துலயே மூணையும் வைக்காதீங்க. காலையில ஆபீஸ் திறக்கறவர் முதல் வேலையா கழட்டிரணும். ஆர்டிஎக்ஸ் டாக் (கேட்ரிட்ஜை சொருகற பெட்டி) விலை ஒத்து வரலன்னா சாதா போர்ட்டபிள் டிஸ்க் மூணு வாங்கி இதே மாதிரி சுத்த விடுங்க, கேபிள் முனைதான் சீக்கிரம் லூசாகும், மத்தபடி வேலை ஒண்ணுதான்.

மாசம் ஒரு தடவை ஏதாவது ஒரு பழைய டிசைனை பேக்கப்ல இருந்து எடுத்து திறந்து பாக்க சொல்லுங்க. 2017 ஜனவரியில கிட்லேப்ங்கற சாஃப்ட்வேர் கம்பெனியில டேட்டாபேஸ் அழிஞ்சப்ப அஞ்சு விதமா பேக்கப் வெச்சிருந்தாங்க, போய் பாத்தா ஒண்ணும் ஒழுங்கா வேலை செய்யல.

கேட்ரிட்ஜ் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் பையில போயிட்டு வரும், வழியில விட்டுட்டா கஸ்டமர் விவரமெல்லாம் வெளிய போயிரும், அதனால பிட்லாக்கர், விண்டோஸ்ல டிஸ்க்கை பாஸ்வேர்ட் போட்டு பூட்டற வசதி, போட்டுருங்க. போடும்போது ஒரு ரிகவரி கீ குடுக்கும், அதை பேப்பர்ல பிரிண்ட் எடுத்து வீட்டு பத்திரத்தோட வைங்க, அதே சர்வர்ல நோட்பேட்ல சேவ் பண்ணி வெச்சிராதீங்க.