எஸ் போடணுமா, இ-எஸ் போடணுமா? கைதட்டிப் பாருங்கள்

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் 'பாக்ஸ்' என்பதன் பன்மைக்கு வெறும் எஸ் போடுகிறாள், நாயைக் குறிக்கும் 'டாக்' என்பதற்கு இசட் போடுகிறாள், விதிகளை மனப்பாடம் செய்யவைத்தும் பலனில்லை, என்ன செய்யலாம் என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த இசட். அது கவனக்குறைவு இல்லைங்க. 'கேட்ஸ்', 'டாக்ஸ்' இரண்டையும் தொண்டையில் விரல் வைத்துக் கடைசி ஒலியை இழுத்துச் சொல்லிப் பாருங்கள், இரண்டாவதில் அதிரும். அங்கே உண்மையிலேயே இசட் ஒலிதான் வருகிறது, பிள்ளை காதில் விழுந்ததை எழுதியிருக்கிறாள். "நீ கேட்டது சரி, எழுதும்போது மட்டும் எஸ்" என்றால் போதும், திட்ட வேண்டாம்.

இ-எஸ்ஸுக்குப் பட்டியலே வேண்டாம், கைதட்டல் போதும். கேட் ஒரு தட்டு, கேட்ஸ் என்றாலும் ஒரு தட்டுதான். பாக்ஸ் ஒரு தட்டு, 'பாக்ஸஸ்' இரண்டு. தட்டு கூடினால் இ-எஸ்; பஸ், டிஷ், பெஞ்ச் எல்லாம் இப்படியே வரும். சிஎச் வந்தால் இ-எஸ் என்று உருப்போட்ட பிள்ளை 'ஸ்டமக்' என்ற சொல்லில் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அங்கே சிஎச்சுக்கு 'க்' ஒலி, தட்டு கூடாது, எஸ் மட்டும்தான். ஹார்ஸ், ஹவுஸ் போன்றவற்றில் தட்டு கூடும், ஆனால் கடைசியில் இ ஏற்கெனவே நிற்பதால் எஸ் சேர்த்தால் சரியாகிவிடும்.

ஒய்யில் முடியும் சொற்களுக்குக் காது உதவாது, கண்தான் வேண்டும். ஒய்க்கு முந்தின எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 'பாய்', 'கீ' போல அது உயிரெழுத்தாக இருந்தால் எஸ் மட்டும். 'பேபி' போல மெய்யெழுத்தாக இருந்தால் ஒய் போய் ஐ-இ-எஸ் வரும். ஒய் எங்கே போச்சு என்று கேட்பாள். கல் கற்கள் ஆகும்போது ல் எங்கே போச்சு என்று திருப்பிக் கேளுங்கள், சிரித்துவிட்டு எழுதுவாள்.

'லீஃப்' 'லீவ்ஸ்' ஆவது வாயால் சொன்னாலே தெரியும். ஓ-வில் முடிபவைதான் தலைவலி: பொட்டேட்டோ, டொமேட்டோ, ஹீரோவுக்கு இ-எஸ், போட்டோ, பியானோவுக்கு எஸ். இங்கே எந்த உத்தியும் கிடையாது, பார்த்துப் பார்த்துத்தான் பழகணும், அதனால் கடைசிக்குத் தள்ளுங்கள்.

வாரத்துக்கு ஒரு வகை, அதிலும் ஐந்தாறு சொற்கள் போதும். தனிச் சொல்லாக இல்லாமல் சிறு வாக்கியமாகச் சொல்லி எழுத வையுங்கள், நடுவில் போன வாரச் சொல் ஒன்றையும் சத்தமில்லாமல் நுழைத்துவிடுங்கள்.