வார்டு உறுப்பினருக்கு நிற்கலாமா?

வணக்கம்மா. உங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஊரில் உங்களை நிற்கச் சொல்கிறார்கள், பனியன் கம்பெனி வேலையை விட வேண்டியிருக்குமோ என்று பயப்படுகிறீர்கள். வேலையை விட்டுவிடாதீர்கள். இது சம்பளப் பதவி இல்லை. கூட்டத்துக்குப் போனால் சிறு படி கிடைக்கும், அவ்வளவுதான்.

21 வயது நிறைந்து, உங்கள் ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் மனு போடலாம். கிராம ஊராட்சியில் கட்சிச் சின்னம் கிடையாது. 2019 தேர்தலில் டெபாசிட் 200 ரூபாய்தான்.

ஜெயித்த பிறகு தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை என்று காலை ஆறு மணிக்கே வாசலில் ஆள் நிற்பார்கள். அதைவிட முக்கியம், கூட்டத்தில் எடுக்கும் முடிவுகளை எழுதிவைக்கும் தீர்மானப் புத்தகம். நான் உறுப்பினராக இருந்தபோது முதல் கூட்டத்திலேயே பாதிப் பக்கம் காலியாக விட்டு, "கீழே கையெழுத்துப் போடுங்க, அப்புறம் எழுதிக்கலாம்" என்றார்கள். நான் போடவில்லை. எழுதி முடித்து வாசிக்கச் சொன்னேன். அதில் எங்கள் தெருவில் போடவே போடாத பைப் லைனுக்குச் செலவு இருந்தது! அந்தக் கையெழுத்துதான் உங்கள் அதிகாரம்.

இன்னொன்று, உங்களுக்குப் பதிலாக அப்பாவோ கணவரோ கூட்டத்தில் உட்காரக் கூடாது. பேச்சு வராவிட்டாலும் நீங்களே போங்கள். இரண்டு கூட்டத்தில் பழகிவிடும்.

முடிவெடுக்கும் முன் ஒரு கிராம சபைக்குப் போய்ப் பாருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, எல்லாம் விடுமுறை நாள்தான். வரவு செலவு வாசிக்கும்போது புரியாததைக் குறித்துக்கொண்டு வந்து இங்கே கேளுங்கள், சொல்கிறேன்.