துருவக் கடலில் எதை, எப்போது பார்க்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அரையாண்டு லீவில் குடும்பத்தோடு துருவக் கப்பல் பயணம் போக நினைக்கிறோம். பனிக்கரடி, எம்பெரர் பென்குயின் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா? – வாசகி, மயிலாப்பூர்

முடியாது. பனிக்கரடி வடக்கே, பென்குயின் தெற்கே. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது விளம்பரப் படத்தில் மட்டும்தான். டிசம்பரில் ஆர்க்டிக் இருண்டு கிடக்கும், அதனால் நீங்கள் போக வேண்டியது அண்டார்டிகா. அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் கப்பல் ஏறி, டிரேக் நீரிணையைத் தாண்டவே இரண்டு நாள் ஆகும்.

இந்தக் கப்பல்கள் போகும் அண்டார்டிக் தீபகற்பத்தில் கண்ணில் படுபவை ஜென்டூ, சின்ஸ்ட்ராப், அடேலி பென்குயின்கள். எம்பெரர் நடுக்குளிர்காலத்தில் கடல்பனி மீது குஞ்சு பொரிக்கும் பறவை. வழக்கமான கப்பல் பாதையில் அதைப் பார்ப்பது அபூர்வம். எம்பெரர் படம் போட்டு பேக்கேஜ் விற்றால், அவை கூட்டமாக வாழும் ஸ்னோ ஹில் தீவு பாதையில் உண்டா என்று கேளுங்கள்.

நவம்பரில் போனால் பனி மாசில்லாமல் இருக்கும். ஜென்டூக்கள் கூடு கட்டக் கல் பொறுக்கும், பக்கத்துக் கூட்டிலிருந்து திருடவும் செய்யும். டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை குஞ்சுகள். திமிங்கலம்தான் முக்கியம் என்றால் பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளிப் போடுங்கள்: ஹம்ப்பேக் திமிங்கலக் கூட்டம் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைத் தின்று கொழுக்கும் நேரம் அது. ஆனால் அதற்குள் கரையெல்லாம் பென்குயின்களின் இளஞ்சிவப்பு எச்சம் கலந்த சேறாகியிருக்கும். அந்த நாற்றத்தை எந்த பிரசுரமும் சொல்வதில்லை.

விலையைவிட முதலில் பார்க்க வேண்டியது கப்பலில் எத்தனை பயணிகள் என்பதை. ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் கரையிறங்கலாம். 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பலில் யாருமே இறங்க முடியாது.

பனிக்கரடிக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நார்வேயின் ஸ்வால்பார்ட். 2025 முதல் அங்கே கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். பைனாகுலர் இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளிதான் தெரியும். ஸ்வால்பார்ட் ஷெங்கன் பகுதிக்கு (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) வெளியே இருப்பதால் சிங்கிள் என்ட்ரி விசா எடுத்தால் திரும்பும்போது சிக்கல். டபுள் என்ட்ரி கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பனியைப் படமெடுத்தால் சாம்பலாக வருகிறதே? குளிரில் கேமராவை எப்படிப் பாதுகாப்பது? – வாசகர், பெரம்பூர்

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். அதனால் வெள்ளைப் பனியும் சாம்பலாகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வையுங்கள். வெயில் பட்ட பனிக்கு +1.3. கறுப்பு முதுகுப் பென்குயின் ஃபிரேமை அடைத்துக்கொண்டால் பூஜ்யத்துக்குத் திரும்புங்கள், இல்லையென்றால் வெள்ளை மார்பு வெளிறிப்போகும். பழைய பனிப்பாறையில் காற்றுக்குமிழ்கள் நசுங்கி வெளியேறிவிடுவதால், ஒளி உள்ளே வெகுதூரம் போய், சிவப்பு உறிஞ்சப்பட்டு நீலம் மிஞ்சுகிறது. நிறத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸ் அந்த நீலத்தைக் குறை என்று நினைத்துத் திருத்திவிடும். வைட் பேலன்ஸை டேலைட்டில் வையுங்கள்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். உபரி இரண்டை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். தீர்ந்ததையும் அங்கேயே சூடாக்கினால் இன்னும் கொஞ்சம் ஓடும்.

கெடுதல் வருவது வெளியே அல்ல, கேபினுக்குள் நுழையும்போது. ஏ.சி. காரிலிருந்து சென்னை வெயிலில் இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவதைப் போல லென்ஸில் ஈரம் படியும். கேமராவுக்கு உள்ளேயும் படிந்தால் செலவுதான். டெக்கிலேயே மெமரி கார்டையும் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு, கேமராவை ஜிப்லாக் கவரில் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடி, பிறகு உள்ளே கொண்டுபோங்கள். இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். கார்டை முன்பே எடுக்கச் சொல்வது, படம் பார்க்கும் அவசரத்தில் கவரைப் பிரிக்காமல் இருப்பதற்காக.

கேள்வி: எனக்கு முழங்கால் வலி உண்டு. படகில் ஏறி இறங்க முடியுமா? – வாசகர், அடையாறு

மாடிப்படி கைப்பிடி பிடித்து ஏறுவீர்கள் என்றால் பெரும்பாலும் முடியும். கப்பலின் பக்கவாட்டுப் படியில் இறங்கி ஸோடியாக் ரப்பர் படகில் ஏற வேண்டும். கைகள் காலியாக இருக்கட்டும், பை முதுகில். படகோட்டியின் விரலைப் பிடிக்காதீர்கள். அவர் முன்கையை நீங்களும், உங்கள் முன்கையை அவரும் பிடிக்க வேண்டும். ரப்பர் விளிம்பில் ஒரு கால், அடுத்து படகின் தரையில் கால், உடனே உட்கார்ந்து நகருங்கள். கரையில் முழங்கால் தண்ணீரில் இறங்க நேரலாம். வாட்டர்ப்ரூஃப் பேன்ட்டை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள்; உள்ளே செருகினால் பூட்ஸில் தண்ணீர் நிறையும்.

இன்னொன்று: பறவைக் காய்ச்சல் காரணமாக அண்டார்டிகக் கரையில் உட்காரவோ மண்டியிடவோ அனுமதி இல்லை. நின்றே ஓய்வெடுக்க வேண்டும் என்பதால் வாக்கிங் ஸ்டிக் அவசியம். அன்றைக்கு வலி அதிகமென்றால் கரையிறங்காமல் படகிலேயே சுற்றிவரும் பயணத்தைக் கேளுங்கள். சிறுத்தை சீல் பனித்திட்டில் படுத்திருப்பதை அதில்தான் நன்றாகப் பார்க்கலாம்.

கடல் நோய்க்கு மாத்திரையை குமட்டல் வருமுன் போட வேண்டும். கிளாகோமா (கண் அழுத்த நோய்), புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் போடக்கூடாது. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதி கேபின் எடுங்கள். ஆட்டம் குறைவு, பெரும்பாலும் விலையும் குறைவு.

கேள்வி: அண்டார்டிகாவில் உள்ள இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்தைக் காட்டுவார்களா? – வாசகர், தாம்பரம்

இல்லை. மைத்ரி தீபகற்பத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, குவீன் மாட் லேண்டில் இருக்கிறது. ஸ்வால்பார்ட் போனால் வாய்ப்பு உண்டு: 2008-ல் தொடங்கிய இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் நீ-ஆலசுண்ட் என்ற ஊரில் இருக்கிறது, சில கப்பல்கள் அங்கே நிற்கும். வெளியிலிருந்துதான் பார்க்கலாம். அங்குள்ள ஆய்வுக் கருவிகளுக்கு இடைஞ்சல் வராமலிருக்க, கரையிறங்குமுன் மொபைலில் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிடச் சொல்வார்கள்; ஸ்மார்ட் வாட்ச்சையும் மறக்காதீர்கள்.