கூரையில் படரும் கருங்கோடுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டின் ஆஸ்பால்ட் ஷிங்கிள் (தார் போன்ற ஆஸ்பால்ட் பூசி, மேலே குறுமணிகள் பதித்த, ஓடு போல அடுக்கும் தட்டையான துண்டுகள்) கூரையில், ஒரு பக்கச் சரிவில் மட்டும் நீள நீளமாகக் கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கின்றன. பழுது பார்க்க வந்தவர், கூரையையே மாற்ற வேண்டும் என்கிறார். அது அவசியமா?

பதில்: கறையின் நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கூரையின் ஆயுளைக் கணிக்க முடியாது. நீங்கள் காணும் கோடுகள் பெரும்பாலும் தூசியோ புகைக்கரியோ அல்ல. குளோயோகாப்சா மாக்மா எனப்படும் நீலப்பச்சைப் பாசி. காற்றில் வந்து கூரையில் குடியேறும் இந்த நுண்ணுயிர், வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து தன்னைக் காத்துக்கொள்வதற்காகக் கருநிற உறை ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. நம் கண்ணுக்குக் கறையாகத் தெரிவது அந்த உறையின் நிறமே. ஷிங்கிள் தயாரிப்பில் சேர்க்கப்படும் சுண்ணாம்புக்கல் தூளும் அது வளரத் துணைபுரிகிறது. ஈரம் நெடுநேரம் காயாமல் இருக்கும் இடத்தையே பாசி நாடும் என்பதால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள நாடுகளில் வடக்குப் பார்த்த சரிவிலும், தெற்கே உள்ள நாடுகளில் தெற்குப் பார்த்த சரிவிலும், எங்கேயானாலும் மரநிழல் விழும் பகுதிகளிலும் அது முதலில் தலைகாட்டுகிறது.

கறை பாசிதானா என்று தெரிந்துகொள்ள, எட்டும் இடத்தில் கையகலப் பரப்பில் நீர் கலந்த பிளீச்சைத் தடவிப் பாருங்கள். சில நிமிடங்களில் நிறம் வெளிறினால் ஐயம் தீர்ந்தது. அதன் பிறகு, ஷிங்கிள்களின் ஓரங்கள் சுருண்டிருக்கின்றனவா, மேற்பரப்பிலுள்ள குறுமணிகள் உதிர்ந்து அடிப்பூச்சு திட்டுத்திட்டாக வெளியே தெரிகிறதா, வெடிப்போ நீர்க்கசிவோ உண்டா என்பவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இவை எதுவுமே இல்லாதபோதும் கூரையை மாற்றச் சொல்பவரிடம், அதற்கான காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்பதே முறை.

கேள்வி: பிரஷர் வாஷர் கொண்டு அடித்துக் கழுவினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார்களே?

பதில்: கறையோடு கூரையும் முடிந்துவிடும். ஷிங்கிளின் மேலே பதிக்கப்பட்டிருக்கும் குறுமணிகள் அழகுக்காக மட்டும் ஒட்டப்பட்டவை அல்ல. அடியிலுள்ள ஆஸ்பால்ட்டை வெயிலிலிருந்து காப்பவை அவையே. விசையோடு பாயும் நீர் அவற்றைப் பெயர்த்துவிடுவதோடு, ஷிங்கிளின் அடியில் புகுந்து ஓரங்களைத் தூக்கியும் விடும். கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் இதே கேட்டைத்தான் சற்று மெதுவாகச் செய்கிறது. பாசி ஓர் உயிர். அதைச் சுரண்டி எடுக்க முயலாமல் கொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் ஆஸ்பால்ட் கூரைத் தயாரிப்பாளர் சங்கம் பரிந்துரைக்கும் வழி எளிமையானது. துணி வெளுக்கப் பயன்படும் திரவக் குளோரின் பிளீச்சையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, குறைந்த விசையுள்ள தெளிப்பானால் கறையின் மேல் நனையத் தெளித்து, 15 முதல் 20 நிமிடங்கள் விட்டு, பிறகு சாதாரணக் குழாய் நீரால் கழுவிவிட வேண்டும். திரவம் கூரையிலேயே காய்ந்துவிட்டால் பயன் குறையும் என்பதால், வெயில் தணிந்த, காற்று அதிகம் வீசாத, மேகமூட்டமான நாளைத் தேர்ந்தெடுங்கள். பிளீச்சோடு அமோனியா உள்ள பொருளையோ அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. எழும் நச்சுவாயு உயிருக்கே ஆபத்தானது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளீச் பட்ட கூரை கடுமையாக வழுக்கும். ஆகையால் அதன் மேல் நடக்காமல் ஏணியில் நின்றபடி தெளிக்க இயலுமானால் மட்டும் நீங்களே செய்யுங்கள். செங்குத்தான சரிவையும் மாடி வீட்டுக் கூரையையும் பாதுகாப்புக் கயிறு கட்டி வேலை செய்யப் பழகியவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது. ஷிங்கிளுக்கு உத்தரவாதம் இன்னும் நடப்பில் இருந்தால், சுத்தம் செய்வது பற்றி அதில் என்ன நிபந்தனை இருக்கிறது என்பதை முதலில் படித்துவிடுங்கள்.

கேள்வி: வழிந்து வரும் பிளீச் நீர் கீழே உள்ள செடிகளைக் கெடுக்காதா?

பதில்: கெடுக்கும். தெளிப்பதற்கு முன்பே செடிகளையும் அவற்றின் வேர்மண்ணையும் நன்றாக நனைத்துவிட்டால், பிறகு விழும் பிளீச் நீர்த்துப்போகும். வேலை முடிந்ததும் மீண்டும் ஒருமுறை தாராளமாக நீர் விட வேண்டும். உலோக வடிகால்களை அரிக்கும் இயல்பும் பிளீச்சுக்கு உண்டு; எனவே அவற்றையும் உடனே அலசிவிடுங்கள். கூரை நீரைத் தொட்டியில் சேமிப்பவர்கள், கழுவி முடிக்கும் வரை தொட்டிக்குச் செல்லும் குழாயைப் பிரித்து வைப்பது அவசியம்.

கேள்வி: கூரை முழுவதும் கறுத்திருந்தும், புகைபோக்கியைச் சுற்றியுள்ள தகட்டுக்கு நேர் கீழே மட்டும் ஷிங்கிள் பளிச்சென்று இருக்கிறது. என்ன காரணம்?

பதில்: அந்தத் தகடு துத்தநாகப் பூச்சுள்ளதாகவோ செம்பாகவோ இருக்கும். மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து மிகச் சிறிதளவு உலோகம் கரைந்து வழிகிறது. அது பாசிக்கு நஞ்சு. இதையே ஒரு முறையாக்கி, கூரை முகட்டை ஒட்டித் துத்தநாகப் பட்டையோ செம்புப் பட்டையோ பொருத்துகிறார்கள். ஏற்கெனவே படிந்த கறையை அது விரைவில் அகற்றிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கழுவிய பிறகு பொருத்தினால், மறுபடி படர்வதைத் தடுக்கும். முகட்டிலிருந்து இறங்க இறங்க அதன் வலிமை குறைவதால், நீண்ட சரிவுகளில் நடுவிலும் ஒரு பட்டை தேவைப்படலாம். வடிகால் அலுமினியமாக இருந்தால் செம்பைத் தவிர்த்துவிடுங்கள். செம்பு கலந்த நீர் அலுமினியத்தை அரித்துவிடும்.

கேள்வி: கறுப்புக் கோடுகளோடு பச்சை மெத்தை போன்ற பாசியும் வளர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து போதுமா?

பதில்: மருந்து ஒன்றே, அவசரம்தான் வேறு. கறுப்புக் கோடு பெரும்பாலும் தோற்றக் கேடு மட்டுமே என்பதால் அதைத் தள்ளிப்போடலாம். பச்சை மெத்தையோ ஈரத்தைத் தேக்கி, ஷிங்கிளின் ஓரங்களைத் தூக்கிவிடும் என்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. தெளித்த அன்றே பிய்த்தெடுக்க முனைந்தால் குறுமணிகளும் சேர்ந்து வந்துவிடும்; இறந்து காய்ந்த பாசி, அடுத்து வரும் மழைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே கழன்று விழும் வரை பொறுத்திருங்கள். நிழல் தரும் கிளைகளை அதற்குள் வெட்டிக் குறைத்துவிடலாம்.