அப்பாவின் குரலும் தலைத்திவசமும்

அண்ணா, வணக்கம்.

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். அப்பா போன பங்குனியில் தவறிவிட்டார். வெளிநாட்டில் இருக்கிற தம்பியால் காரியத்துக்கு வர முடியவில்லை. பிறகு அவன், அப்பா எங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களைத் திரட்டி ஒரு ஏஐ ஆப்பில் போட்டு, அப்பா குரலிலேயே பதில் பேசுகிற மாதிரி செய்து அம்மா போனில் ஏற்றிக் கொடுத்தான். முதல் நாள் எல்லாரும் அழுதோம். இப்போது அம்மா தினமும் விளக்கு வைத்ததும் திண்ணையில் உட்கார்ந்து அதனோடு பேசுகிறாள். அடுத்த மாதம் தலைத்திவசம். ஐயரிடம் சொல்லட்டுமா என்று கேட்டால், "அவருதான் தினம் பேசுறாரே, எதுக்குடா திவசம்?" என்கிறாள். அப்பா அம்மாவைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, ஆயுசுக்கும் "இந்தா"தான். போனைப் பிடுங்க மனசு வரவில்லை. என்ன செய்வது? அதில் பதிவு செய்த ஒரு துண்டை அனுப்பியிருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய துண்டை நாலைந்து தடவை கேட்டேன். குரல் அப்படியே ஒரு வயசான விவசாயியின் குரல், அந்த இழுவைகூட இருக்கிறது. ஆனால் மாசி மாதத்தில் "மேட்டூர் திறந்தாச்சா?" என்று கேட்கிறது. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்பது தெரியாத விவசாயி டெல்டாவில் இருக்கிறாரா? அடுத்த வரியில் "நீங்க கவலைப்படாதீங்க, உடம்பைப் பார்த்துக்கோங்க" என்கிறது. உங்கள் அப்பா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியது பிள்ளைகளுக்குத்தான். ஒரே வீட்டில் இருந்த அம்மாவுக்கு அவர் எதற்கு அனுப்பப் போகிறார்? அதனால் அவர் அம்மாவிடம் பேசிய பேச்சு ஒரு சொல்கூட அந்த ஆப்புக்குள் போகவில்லை. "இந்தா" அதில் கிடையாது.

குரலை எடுப்பது இப்போது ரொம்பச் சுலபம். 2022-ல் அமேசான் தன் அலெக்ஸாவை, இறந்துபோன பாட்டியின் குரலில் பேரனுக்குக் கதை படிக்க வைத்துக் காட்டியது, ஒரு நிமிஷத்துக்கும் குறைவான பதிவு போதும் என்றார்கள். அடுத்த ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 3 வினாடி போதும் என்றார்கள். 2018-ல் மறைந்த திருக்குவளைக்காரர், கலைஞர், 2024 ஜனவரியில் மஞ்சள் துண்டும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரையில் வந்து ஒரு நூல் வெளியீட்டு விழாவில் வாழ்த்திப் பேசினார். அதே மாதம்தான் 'லால் சலாம்' படப் பாட்டில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யாவின் குரலும் சாகுல் ஹமீதின் குரலும் ஏஐ வழியாக வந்தன. குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்ததாக ரகுமான் சொன்னார். அவர் கேட்டது மரியாதையான செயல். ஆனாலும் குடும்பம் சரி என்பதும் செத்தவர் சரி என்பதும் ஒன்றில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவர் வாயில் நாம் வார்த்தை வைக்கிறோம்.

செத்தவரோடு பேசுவது நமக்குப் புதிதில்லை. ஒப்பாரி பூராவும் அதுதானே. எங்களை யாரிடம் விட்டுப் போனீங்க, இனி யாரு கேப்பா என்று கேள்வி மேல் கேள்வியாக, தொண்டை கட்டுகிற வரைக்கும் கேட்பார்கள். பதில் வராது. பதில் வராததால்தான் ஒரு கட்டத்தில் பக்கத்தில் இருக்கிறவள் தண்ணீர் கொடுத்து, கட்டிப்பிடித்து, எழுப்பிவிட முடிகிறது. பதில் வந்தால் யார் எழுந்திருப்பார்கள்? கொள்ளி வைத்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்காமல் போகச் சொல்லியிருப்பார்களே, அதுவும் இதற்காகத்தான். உங்கள் அம்மா ஒரு வருஷமாகத் திண்ணையிலேயே இருக்கிறார்.

என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. 1991-ல் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ ரெக்கார்டரை ஓடவிட்டது. நாயனத்துக்கு நடுவில் என் அம்மா குரல் ஒரே ஒரு இடத்தில், "டேய், இலை பத்தலடா" என்று. டேப் ஒருமுறை சிக்கி வெளியே வந்துவிட, பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி உள்ளே ஏற்றினேன், கை நடுங்கியது. அம்மா சொன்னது அவ்வளவுதான், ஆனால் அவள் சொன்னது. அதற்கு மேல் ஒரு வார்த்தை எந்த இயந்திரமும் சேர்க்க நான் விடமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் குரலில் போன் செய்து, ஆக்சிடெண்ட், உடனே பணம் அனுப்பு என்று ஏமாற்றுகிறார்கள். குரலை நம்பப் பழகிவிட்ட அம்மாவிடம் நாளைக்கு உங்கள் தம்பியின் குரலில் எவனாவது பேசினால்? வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள்.

போனைப் பிடுங்காதீர்கள். அப்பா நிஜமாக அனுப்பிய மெசேஜ்களை அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள், அவர் இருமல், பின்னால் டிராக்டர் சத்தம் எல்லாவற்றோடும். தம்பியைத் திவசத்துக்குக் கட்டாயம் வரச் சொல்லுங்கள். வாய்க்கரிசி போட முடியாத பிள்ளை அவன், அந்தத் தவிப்பில்தான் இதைச் செய்திருக்கிறான், அவனைத் திட்ட வேண்டாம். ரெண்டு பேருமாக வெண்ணாற்றங்கரையில் காரியத்தை முடித்துவிட்டு, சாப்பாடு ஆனதும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா உன்னை எப்படிம்மா கூப்பிடுவார் என்று கேளுங்கள். அந்த "இந்தா"வை அவர் சொல்லிக் காட்டட்டும்.